உள்பக்கம் பார்த்தியோ?

எங்கள் வீட்டு வாசலிலிருந்து பெரிய றோட்டுக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் பிறேக் பிடிக்க வேண்டும். போன வருசம் யூன் மாதம் தொடங்கி அந்த மூன்று இடத்திலும் கார் கீச்சிட்டது. எலியின் வாலை யாரோ மிதித்த மாதிரி ஒரு சத்தம். கார் ஓடுவது பதினாறு வயது மகள். முன்னும் பின்னும் மஞ்சள் எல் தட்டு. பக்கத்து இருக்கையில் நான்.

"அப்பா, என்ன சத்தம் இது?"

"குளிருக்கு அப்பிடித்தான் பிள்ளை. இரவு ஈரத்துக்கு டிஸ்க் கறள் பிடிக்கும். ரெண்டு தரம் பிறேக் பிடிக்கப் போயிடும்."

நான் சொன்னது பொய் இல்லை. மெல்பேர்ன் குளிரில் வெளியில் நிற்கிற எந்தக் காரின் டிஸ்க்கிலும் விடிய ஒரு மெல்லிய கறள் படலம் இருக்கும். முதல் இரண்டு மூன்று தரம் பிறேக் பிடிக்க அது உரசிப் போய்விடும். ஆனால் எங்கட கார் பின்னேரம் நாலு மணிக்கும் கீச்சிட்டது. பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு வரும்போது மகள் அதைச் சொன்னாள். நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். இதை எழுதும்போது வெட்கமாய்த்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

விக்ரோறியாவில் 21 வயதுக்குக் குறைந்த பிள்ளை லைசென்ஸ் சோதனைக்குப் போக முதல் 120 மணித்தியாலம் ஓடிப் பதிய வேண்டும். அதில் 20 மணித்தியாலம் இரவில். சிட்னியில் இருக்கிறவர்களுக்கும் அதே 120 தான். அப்பா அம்மாக்களாகிய எங்களின் எத்தனையோ சனி ஞாயிறு அந்தப் பக்கத்து இருக்கையில்தான் கழிகிறது. காலில் பிறேக் இல்லாமலே நிலத்தை மிதிக்கிற வருத்தம் எல்லாருக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் கணக்கில் அப்போது 64 மணித்தியாலம் முடிந்திருந்தது.

மனிசி இரண்டாம் தரம் கேட்டபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனின் லைட்டை அடித்து, சில்லுக் கம்பிகளுக்கு இடையால் எட்டிப் பார்த்தேன். பாட் தெரிந்தது. ஆறேழு மில்லிமீற்றர் இருக்கும். புதுப் பாட்டே பத்துப் பன்னிரண்டு மில்லிமீற்றர்தான். "பாதிக்கு மேல கிடக்கு, ஒண்டும் இல்லை" என்று உள்ளே வந்து கை கழுவினேன்.

பிறகு யூரியூபில் ஒரு இரவு முழுக்க இருந்து பார்த்ததில், பிறேக் ஏன் கீச்சிடுகிறது என்பதாவது விளங்கியது. பாட் டிஸ்க்கைப் பிடிக்கும்போது ஒரேயடியாய்ப் பிடிப்பதில்லை. பிடித்து, வழுக்கி, பிடித்து, வழுக்கி, ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தரம். வயலின் நரம்பில் வில் உரசுவதும் இதே கதைதான். அந்த அதிர்வில் டிஸ்க் கோயில் மணி மாதிரிப் பாடத் தொடங்கும். அதைத் தடுக்கத்தான் பாட்டின் முதுகில் ஒரு மெல்லிய தகடு, அதில் கொஞ்சம் சூடு தாங்கும் கிறீஸ். தகடு விழுந்துபோனாலும், கிறீஸ் காய்ந்தாலும், பாட்டின் முகம் சூட்டில் கண்ணாடி மாதிரி மினுங்கிப் போனாலும் சத்தம் வரும். இதெல்லாம் காதுக்குத் தொல்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சத்தம் வேணுமென்றே வைத்தது. பாட்டின் ஓரத்தில் சின்ன இரும்பு நாக்கு ஒன்று இருக்கும். பாட் தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கில் முட்டும், கீச்சென்று கத்தும். கார் செய்தவன் எங்களுக்கு எழுதி வைத்த கடிதம் அது. எனக்குக் கடிதம் வந்தது. நான் திறக்கவில்லை, ஏனென்றால் பாதிக்கு மேல் கிடக்கிறது என்று என் கண்ணால் பார்த்தாயிற்று.

அப்பாவும் அம்மாவும் நோபிள் பார்க்கில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு எழுபத்தைந்து. அடுத்த கிழமை மகள்தான் காரை ஓட்டிக்கொண்டு போய் அவர்கள் வீட்டு முற்றத்தில் நிற்பாட்டினாள். அப்பா வாசலில் நின்றார். "வாங்கோ" என்று சொல்லவில்லை, பேத்தியைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை.

"தம்பி, உது எத்தனை நாளாய்க் கத்துது?"

"ஒரு மாதம் இருக்கும் அப்பா. நான் பாத்தனான். பாட் பாதிக்கு மேல கிடக்கு."

"உள்பக்கம் பார்த்தியோ?"

நான் பேசாமல் நின்றேன். ஒரு சில்லுக்கு இரண்டு பாட் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாததில்லை. வெளியால் எட்டிப் பார்த்தால் ஒன்றுதான் தெரியும்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் 1986 இல் மெல்பேர்னுக்கு வந்தோம், எனக்கு ஆறு வயது. அப்பா யாழ்ப்பாணத்தில் தன் சித்தப்பாவின் ஹயர் காரில், ஒரு பழைய ஒஸ்ரின் ஏ40, வேலை பழகினவர். இங்கே வந்து கார்ச் சாமான் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. முதல் வாங்கின கார் டற்சன் 200பி, மண்ணிறம். கராஜுக்குக் குடுக்கக் காசில்லை என்பது ஒன்று, மற்றவன் தன் காரில் கை வைக்கிறதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்பது இன்னொன்று. சனிக்கிழமை என்றால் பிளட்டுக்குப் பின்னால் கார் ஜக்கில் ஏறிவிடும். என் வேலை ரோச் பிடிக்கிறது.

ரோச் பிடித்து வளர்ந்த ஆட்கள் இதை வாசிக்கிறவர்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. கனபேர் இருப்பீர்கள். "ரோச்சை வேலையில பிடி, என்ர முகத்தில பிடியாத." "எங்க பாக்கிறாய்?" "பதின்நாலு கேட்டா பன்ரெண்டைத் தாறாய்." ஒரு கட்டத்தில் நான் அழுதுகொண்டு உள்ளே ஓடிவிடுவேன், அம்மா அப்பாவைப் பேசுவா. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், ரீவியில் இங்கிலீஷ், தமிழ் வகுப்பில் அகரவரிசை. ஆனால் சில்லு, கறள், இறுக்கு, தளர்த்து, வடிவாய்ப் பார், பொறு, இப்ப விடு என்ற சொற்களெல்லாம் எனக்கு அந்தக் காருக்குக் கீழேதான் வந்தன. இன்றைக்கும் இறுக்குகிற பக்கத்தை நான் தமிழில்தான் யோசிக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார், ஒரு பழைய பால்மா ரின்னுக்குள் ஸ்பனர்களோடு. கார் 2015 கம்ரி. ரொயோற்றா அல்டோனாவில் கார் செய்த காலத்தில் செய்தது. அந்தத் தொழிற்சாலையை 2017 ஒக்ரோபர் 3 ஆம் திகதி மூடினார்கள். அப்பாவுக்கு இந்தக் காரில் ஒரு தனிப் பாசம், "எங்கட ஊர்க் கார்" என்பார். எந்த ஊர் என்று நான் கேட்பதில்லை.

ஒரு கராஜில் விலை கேட்டிருந்தேன், நானூறு டொலருக்கு மேல் சொன்னார்கள். அது நியாயமான விலைதான், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அப்பா கேட்டதும், "பாட் மாத்த நானூறோ" என்று தலையில் கை வைத்தார். எனக்கும் ஒரு ஆசை இருந்தது, மகள் பார்க்கட்டும் என்று. அப்பாவால் இப்போது சில்லைத் தூக்க முடியாது. கை நடுங்குகிறது. அதனால் அவருக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரை, மகளுக்கு ரோச், நிலத்தில் நான்.

கார் நிற்கிற இடம் மட்டமாய் இருக்க வேண்டும். ஹான்ட் பிறேக், பின் சில்லுக்கு அணை. சில்லு நட்டை நிலத்தில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்தி, பிறகு ஜக்கில் ஏற்றி, ஸ்ராண்ட் வைத்து, காரை ஸ்ராண்டில் இறக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே கையோ தலையோ வைக்கக் கூடாது. வீட்டு முற்றத்தில் ஜக் சரிந்து காருக்குக் கீழே நசிந்து செத்தவர்களின் கதை இந்த நாட்டில் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஜக்குக்கும் ஸ்ராண்டுக்கும் அரசாங்கக் கட்டாயத் தரம் வைத்திருப்பது சும்மா இல்லை. அந்தக் காலத்தில் அப்பாவிடம் ஸ்ராண்ட் இருக்கவில்லை, கழற்றின சில்லைக் காருக்குக் கீழே தள்ளி வைப்பார். இப்போது நான் ஸ்ராண்டை எடுத்து வைக்க, "நல்லது" என்று மட்டும் சொன்னார்.

சில்லைக் கழற்றியாயிற்று. கலிப்பரைப் பிடிக்கிற இரண்டு போல்ட். கீழ் போல்ட் லேசாய் வந்தது. மேல் போல்ட்டும் வந்தது, ஆனால் கலிப்பர் அசையவில்லை. இந்த மாதிரிக் கலிப்பருக்கு உள்பக்கம் மட்டும்தான் பிஸ்ரன். அது உள்பாட்டைத் தள்ளும், அந்தத் தள்ளலில் கலிப்பர் முழுதாய் இரண்டு ஊசியில் சறுக்கி வெளிப்பாட்டை இழுத்துக்கொண்டு வரும். சறுக்குகிற ஊசி கிறீஸ் காய்ந்து கறள் பிடித்து இறுகினால், வெளிப்பாட் சும்மா இருக்கும், வேலை முழுக்க உள்பாட்டின் தலையில். மேல் ஊசியைக் கழற்றி எடுக்கவே எனக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது.

உள்பாட்டை இழுத்து எடுத்தேன். மேல் பக்கம் ஒரு மில்லிமீற்றர் இருக்கும். கீழ் மூலையில் ஒன்றுமே இல்லை, இரும்பு மினுங்கியது. டிஸ்க்கின் உள்முகத்தில் அந்த இரும்பு உழுத தடம், வயல் மாதிரி. மகள் ரோச்சை அதில் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். 64 மணித்தியாலத்தில் கடைசிப் பத்துப் பதினைந்து மணித்தியாலம் அவள் ஓடினது இந்த மூலையை நம்பித்தான். மொனாஷ் பிறீவேயில் 100 கிலோமீற்றர் வேகத்தில், மழையில், நான் பக்கத்தில் இருந்து "வடிவாய் ஓடுறாய்" என்று சொல்லிக்கொண்டு.

அப்பா பேசவில்லை. பேசியிருந்தால் சுகமாய் இருந்திருக்கும்.

பிறகு நடந்ததைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதவேணும் என்று யோசித்தேன், வேண்டாம் என்றும் யோசித்தேன். அப்பா கதிரையால் எழும்பிக் குனிந்து, கலிப்பருக்குள் கிடந்த கறுப்புத் தூசியைப் பார்த்து, வாயால் ஊத வாயைக் குவித்தார். அவருடைய பழக்கம் அது. டற்சனின் பின்பக்கம் டிறம் பிறேக். டிறத்தைக் கழற்றிச் சுத்தியலால் தட்டுவார், உள்ளே கிடக்கிற தூசியை ஊதுவார், புகை மாதிரிப் போகும். நான் ரோச்சோடு பக்கத்தில் குந்தியிருப்பேன்.

"அப்பப்பா, ஊத வேண்டாம்" என்று மகள் கையை நீட்டி மறித்தாள். பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள். "பழைய பிறேக்கில அஸ்பெஸ்ரஸ் இருந்தது. மாஸ்க் போடுங்கோ."

அவள் சொன்னது சரி. அந்தக் காலத்தில் பிறேக் பாட்டிலும் ஷூவிலும் சூடு தாங்குவதற்கு அஸ்பெஸ்ரஸ் கலந்தார்கள். அவுஸ்திரேலியாவில் அதை முற்றாய்த் தடைசெய்தது 2003 டிசம்பர் 31 ஆம் திகதியிலிருந்துதான். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் வருத்தம் தெரிய இருபது முப்பது நாற்பது வருசமும் ஆகலாம். எங்கட 2015 காரில் அது இல்லை, இருக்கக் கூடாது. ஆனாலும் எந்தப் பிறேக் தூசியையும் ஊதக் கூடாது, காற்றுக் குழாயாலும் அடிக்கக் கூடாது. பிறேக் கிளீனரை அடித்து ஈரமாக்கித் துடைக்க வேண்டும்.

அப்பா மெல்ல நிமிர்ந்தார். பேத்தியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீ அப்ப பக்கத்தில நிண்டனி, என்ன?"

"ஓம்."

"ஆருக்குத் தெரியும் அப்ப" என்றார். கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரத்தால், "எட்டு வயசுப் பிள்ளையை" என்று தனக்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

அவர் காசு மிச்சம் பிடிக்கத்தான் அந்த வேலை செய்தார். அந்தக் காசில்தான் நான் படித்தேன். என்ன சொல்லலாம்? "எனக்கு ஒண்டும் இல்லை அப்பா" என்றேன். பிறகு குடும்ப வைத்தியரிடம் இரண்டு பேரும் போனபோது சொன்னோம், அவர் பதிந்துகொண்டார், அப்பாவின் நெஞ்சைப் படம் எடுக்க எழுதித் தந்தார். படத்தில் ஒன்றும் இல்லை. அவ்வளவில் அதை விட்டுவிட்டோம். உங்கள் அப்பாவும் அந்த நாளில் முற்றத்தில் டிறம் தட்டினவராய் இருந்தால், அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அன்றைக்கு வேலை அதோடு நின்றுவிட்டது, ஏனென்றால் டிஸ்க்கும் மாற்ற வேண்டும். மனிசியின் காரில் ரெப்கோவுக்குப் போய் முன் இரண்டு பக்கத்துக்கும் டிஸ்க், பாட், ஊசிக்குப் போடுகிற கிறீஸ் எல்லாம் வாங்கினோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கார் பிறேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும், அதனால் எப்போதும் இரண்டு பக்கமும். விக்ரோறியாவிலேயே, பலராட்டில், பெண்டிக்ஸ் பிறேக் பாட் செய்கிற தொழிற்சாலை இருக்கிறது என்று அப்பா வழி முழுக்கப் பேத்திக்கு விளக்கம். அதில் அவருக்குக் கொஞ்சம் முகம் தெளிந்தது.

பின்னேர வேலையைச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். கலிப்பரைக் குழாயில் தொங்க விடக் கூடாது, கம்பியால் கட்டித் தூக்கி வைத்தோம். புது டிஸ்க்கில் கறள் பிடிக்காமல் பூசியிருக்கிற எண்ணெயைக் கிளீனரால் துடைக்க வேண்டும். பிஸ்ரனை ஜீ கிளாம்பால் மெதுவாய் உள்ளே தள்ளும்போது பிறேக் எண்ணெய் மேலே தொட்டியில் ஏறும், வழிந்து பெயின்ற்றில் பட்டால் பெயின்ற் போய்விடும். ஊசி இரண்டையும் துடைத்து, அதற்கென்று இருக்கிற கிறீஸ் பூசி, விரலால் தள்ளினால் சறுக்கும் அளவுக்குக் கொண்டுவந்தோம். பாட்டின் முதுகிலும் காதிலும் மெல்லியதாய்க் கிறீஸ், முகத்தில் ஒரு சொட்டும் படக் கூடாது. போல்ட்டுகளைக் கைக்கணக்கில் விடாமல் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்கினேன், சில்லு நட் 103 நியூட்டன் மீற்றர். அப்பாவுக்கு இந்த அளவு பார்க்கிற ஸ்பனரில் நம்பிக்கை இல்லை. "கைக்குத் தெரியும்" என்பார். இந்த விசயத்தில் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை.

பின் சில்லுக்கு எலக்ற்றோனிக் ஹான்ட் பிறேக் இருக்கிற புதுக் காரில் இதே மாதிரி பிஸ்ரனைத் தள்ளப் போக வேண்டாம், உடைந்துவிடும். அதற்கு வேறு முறை இருக்கிறது. எண்ணெய் கசிந்தால், பெடல் பஞ்சு மாதிரி இருந்தால், அதுவும் கராஜுக்குத்தான். முதல் தரம் செய்கிறவர் முன்பு செய்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் தொடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். யூரியூப் கதிரையில் இருந்து "உள்பக்கம் பார்த்தியோ" என்று கேட்காது. சிட்னியில் ஐந்து வருசத்துக்கு மேற்பட்ட காரை வருசா வருசம் பிங்க் சிலிப்புக்குக் காட்ட வேண்டும், அங்கே ஒருவர் எட்டியாவது பார்ப்பார். விக்ரோறியாவில் அப்படி இல்லை, காரை விற்கும்போதுதான் றோட்வேர்தி. அதுவரை நாங்கள் பார்த்தால் உண்டு.

காரை இறக்கினதும் திறப்பை எடுத்து நான் ஏறப் போனேன். அப்பா, "பொறு. பிள்ளை ஏறட்டும்" என்றார்.

மகள் ஏறி இருந்தாள்.

"எஞ்சினைப் போடாத. பிறேக்கை மிதி."

மிதித்தாள். பெடல் நிலம் மட்டும் போய்விட்டது. அவள் முகத்தில் இரத்தம் வடிந்த மாதிரி இருந்தது. "அப்பப்பா, பிறேக் இல்லை!"

"இருக்காது. பிஸ்ரனைப் பின்னுக்குத் தள்ளினது கொப்பர். அது திரும்பி வந்து பாட்டில முட்டவேணும். இன்னும் மிதி. மெல்ல. இன்னும்."

நாலாம் ஐந்தாம் தரம் பெடல் கல்லு மாதிரி நின்றது. "இதைச் செய்யாமல் காரை எடுத்தால் முன்வீட்டுக்காரன்ர மதிலிலதான் நிப்பாய். விளங்குதோ?" அவள் தலையாட்டினாள். இறங்கின பிறகும் கால் நடுங்குகிறது என்று தாயிடம் போய்ச் சொன்னாளாம்.

பிறகு நான்தான் ஓடினேன், முற்றத்தில் நடை வேகத்தில், பிறகு ஞாயிற்றுக்கிழமை விடிய ஆளில்லாத தொழிற்சாலைத் தெரு ஒன்றில். புதுப் பாட்டைப் பழக்க வேண்டும். பெட்டியில் எழுதியிருந்தபடி அறுபதிலிருந்து மெதுவாய்ப் பிடித்து, முழுதாய் நிற்பாட்டாமல் விட்டு, இடையில் ஆறவிட்டு, திருப்பித் திருப்பி. அப்பா பின் இருக்கையில், ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் காதை வெளியே வைத்துக்கொண்டு. சத்தம் இல்லை. மகள் பக்கத்தில் இருந்து எண்ணினாள்.

அவளுக்கு இப்போது 91 மணித்தியாலம். காரில் ஏறினால் முதல் கொஞ்சத் தூரம் பாட்டுப் போட விடமாட்டாள்.

பின் சில்லு இரண்டும் இன்னும் பார்க்கவில்லை. வாற சனிக்கிழமை என்று சொல்லியிருக்கிறேன். அப்பா ரோச்சுக்குப் புதுப் பற்றறி வாங்கிவிட்டாராம், மூன்று பேருக்கும் மாஸ்க்கும் வாங்கினாராம். அம்மா ரெலிபோனில் சொன்னா.